அவன் என்ன சொன்னான்?

போன தை மாதம் தாம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பொங்கல் தள்ளுபடியில் வாங்கிய 55 அங்குல டிவி ஹால் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சப்பாத்திப் பலகையின் தடிமன்தான் இருக்கும். ஏதோ ஒரு படம். அப்பாவும் மகனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த காட்சியில் இடி, மழை, அடிதடி. சமையல்கட்டிலிருந்து தங்கை கத்தினாள். அம்மா குறைத்தார். மறுபடி வசனம், மறுபடி கூட்டினார். அரைமணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இது நடந்திருக்கும். நடுநடுவே என் பக்கம் திரும்பி, "டேய், அவன் என்ன சொன்னான்?"

அம்மாவுக்கு 74 வயது. காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கும்தான் பாதி வசனம் பிடிபடவில்லை. அதை நான் வெளியே சொல்லவில்லை.

"சவுண்ட்பார் ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. கைபேசியில் ஒன்றைத் திறந்து காட்டினார். 5.1.2, 600 வாட்ஸ், அட்மாஸ். "இது போதுமா, இல்ல இன்னும் பெரிசாப் போகணுமா?"

"இஞ்ச் டேப் இருக்கா?" என்று கேட்டேன்.

டிவியை அளக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் அளந்தது ஹாலை. 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். டிவி 12 அடிச் சுவரில். சோபா எதிர்ச்சுவரோடு ஒட்டி. இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் சுவரே கிடையாது, சாப்பாட்டு மேசை வரை திறந்த வெளி. தரையில் டைல்ஸ். மேலே ஃபால்ஸ் சீலிங், ஓரங்களில் விளக்கு ஒளிந்திருக்கும் பள்ளம், நடுவில் ஃபேன். இவை ஒவ்வொன்றும் பின்னால் கணக்கில் வரும்.

முதலில், இவ்வளவு பெரிய டிவிக்கு ஏன் இவ்வளவு சின்னக் குரல்? பழைய பிக்சர் டியூப் டிவிக்கு முதுகில் பெரிய கூண்டு ஒன்று இருந்தது. அந்தக் கூண்டு படக்குழாய்க்காக வந்தது. ஸ்பீக்கருக்கு அது ஓசியில் கிடைத்த வீடு. ஸ்பீக்கரும் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இன்றைய டிவியில் விளிம்பு வரைக்கும் படம். ஸ்பீக்கருக்குக் கீழ்விளிம்பிலோ முதுகிலோதான் இடம். அது தரையிடமோ சுவரிடமோ பேசுகிறது, நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

ஒலி எழுப்புவது என்றால் காற்றைத் தள்ளுவது. சுருதி தாழத் தாழத் தள்ளவேண்டிய காற்றும் கூடும். அந்தக் கணக்கு கறாரானது: அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்று நகர வேண்டும். 200 ஹெர்ட்ஸுக்கு ஒரு பங்கு என்றால் 50 ஹெர்ட்ஸுக்குப் பதினாறு பங்கு. தீப்பெட்டி அகலத்தில் ஒரு கூம்பை வைத்துக்கொண்டு இது ஆகிற காரியமில்லை. அதனால்தான் டிவியில் தவில் வாசித்தால் வலந்தலை மட்டும் கேட்கிறது, தொப்பி எங்கே போனதென்று தெரிவதில்லை.

ஆனால் அம்மாவின் குறை தொப்பி அல்ல, வசனம். அந்தக் கோளாறு மறுமுனையில் இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். டிவியின் முதுகிலிருந்து கிளம்பினாலும் அதைச் சுற்றி வளைந்து முன்பக்கம் வந்துவிடும். 5000 ஹெர்ட்ஸ் அலை ஏழு சென்டிமீட்டர்தான். அது வளையாது. போன திசையில் போய்ச் சுவரில் மோதிச் சிதறி, மெலிந்து வந்து சேரும்.

பேச்சில் இந்த இரண்டு முனைக்கும் வேறு வேறு வேலை. 'பாட்டு' என்றும் 'பாக்கு' என்றும் சொல்லிப் பாருங்கள். ஆகாரமும் உகரமும் இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் நாக்கு எங்கே ஒட்டி எங்கே விடுபட்டது என்பதில்தான் வேறுபாடு. அந்த விடுபடும் ஓசை ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே நீடிக்கும். அதன் அடையாளம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே. உயிரில் சத்தம், மெய்யில் அர்த்தம் என்று வைத்துக்கொள்ளலாம். வயது ஏறும்போது காது முதலில் இழப்பதும் மேல்சுருதியைத்தான். ஆக, ஆள் பேசுகிறான் என்பது அம்மாவுக்குக் கேட்கிறது. என்ன பேசுகிறான் என்பது கேட்கவில்லை. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் உயிரும் கூடுகிறது, பின்னணி இசையும் கூடுகிறது, மெய் இருந்த இடத்திலேயே புதைந்து கிடக்கிறது.

இதற்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது. படத்தைத் தயாரித்தவர்கள் வசனத்தை ஒரு தனித் தடத்தில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். 5.1 என்பதில் ஐந்தில் ஒன்று அது. நடு ஸ்பீக்கருக்கு உரியது. டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்பதால், அது அந்தத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இடமும் வலமும் ஊற்றிவிடுகிறது. அங்கே ஏற்கெனவே வயலினும் இடியும் உட்கார்ந்திருக்கின்றன. தனியறை ஒதுக்கியவரைக் கல்யாண மண்டபத்து ஹாலில் படுக்க வைத்த மாதிரி.

அந்த நடு ஸ்பீக்கருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1931இல் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறு இடத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆள் நகர்ந்தால் குரலும் நகர வைக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமைதான் இன்றைய ஸ்டீரியோவின் வேர்களில் ஒன்று. போர்க்காலத்தில், 1942இல், ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 38 வயதில் இறந்தார். அட்லாண்டிக்கின் மறுகரையில் பெல் ஆய்வகத்தார் 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கில் ஒலிக்க வைத்தார்கள். இடம், வலம் மட்டும் போதாது, நடுவில் ஓட்டை விழுகிறது என்று அவர்கள் மூன்று தடங்களைப் பயன்படுத்தினார்கள். சினிமாத் தியேட்டர் அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். பின்னால் நிற்கும் நடு ஸ்பீக்கரின் ஒலி வெளியே வருவதற்குத்தான்.

இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரல் வந்தால் நடுவில் கேட்காதா? கேட்கும், நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும். நம் இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு; அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு மீட்டர் நீளச் சவுண்ட்பாருக்கு எதிரே சோபா ஓரத்தில், நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு முனையிலிருந்தும் உங்களுக்குள்ள தூரம் முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மாறுபடும். இரண்டாவது ஒலி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாமதிக்கும். குரல் பக்கத்து முனைக்கு நழுவுவது மட்டுமல்ல, ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கணக்குப்படி 600 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், 1800 பக்கம் இன்னொன்று. மெய்யெழுத்து குடியிருக்கிற தெருவிலேயே பள்ளம். சோபா ஓரம் அம்மாவின் நிரந்தர இடம்.

மாப்பிள்ளையிடம் முதலில் சொன்னது இதுதான்: பெட்டியில் முதல் எண் 3 ஆகவோ அதற்கு மேலோ இருக்கட்டும். 2.1 வேண்டாம். முதல் எண் காது மட்டத்துத் தடங்கள், இரண்டாவது அடித்தொனிக்கான சப்வூஃபர், மூன்றாவது இருந்தால் தலைக்கு மேலே. 3 என்றால் நடுவில் வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் இருக்கிறது என்று அர்த்தம். 5.1 என்று போட்டுவிட்டு நடு ஸ்பீக்கரை ஒப்புக்கு வைத்திருப்பவையும் உண்டு. வசனத்தின் அளவை மட்டும் தனியே கூட்டிக் குறைக்க ரிமோட்டில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பொத்தானை நான் 200 வாட்ஸுக்கு மேலாக மதிப்பேன்.

வாட்ஸ் என்றதும் சென்னையின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான ரிச்சி தெரு ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் கையடக்க டேப்ரெக்கார்டரில்கூட 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் ஒரு எண்ணை ஒட்டி விற்பார்கள். அந்த எண்ணுக்கு இயற்பியலில் முகவரி கிடையாது. இன்று அவ்வளவு மோசமில்லை என்றாலும் பழக்கம் முழுக்கப் போய்விடவில்லை. 300 வாட்ஸுக்குப் பதில் 600 என்றால் இரட்டிப்புச் சத்தம் என்று தோன்றும். கிடைப்பது 3 டெசிபல் அதிகம், 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ' என்கிற அளவு. காதுக்கு இரட்டிப்பாகப் பட வேண்டுமானால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். வீட்டு ஹாலில் வசனம் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவாகவே போதும். சந்தேகம் இருந்தால் பெட்டியின் முதுகில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முன்னால் 600 என்றும் பின்னால் அதில் பத்தில் ஒரு பங்கும் போட்டிருந்தால், இழுக்காததை எப்படிக் கொடுக்கும் என்று கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். நொடிப்பொழுது உச்சத்துக்கு உள்ளே சேமிப்பு இருக்கும், தொடர்ந்து அல்ல.

அடுத்து, சரவுண்ட். சுற்றி ஒலி வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஐந்து ஸ்பீக்கருக்கான சர்வதேசப் பரிந்துரை, முன்னிரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி இடமும் வலமும், பின்னிரண்டும் 110 டிகிரி வாக்கில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால். முன்னிரண்டுக்கும் இடையே 60 டிகிரி. தங்கை வீட்டுச் சோபாவிலிருந்து ஒரு மீட்டர் நீளச் சவுண்ட்பார் 17 டிகிரிதான் விரிகிறது. இந்த ஒடுக்கத்திலிருந்து ஒலியைச் சுற்றிலும் பரப்ப இரண்டு வித்தைகள் உண்டு.

ஒன்று, காதை ஏமாற்றுவது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போய்ச் சேருவதால்தான் அது எங்கிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அப்படிப் போய்ச் சேருவதை வலது ஸ்பீக்கரிலிருந்து எதிர் ஒலி அனுப்பி அழித்துவிட்டால்? 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டிய இருவரில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் ஒருவர், மற்றவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அங்கேயே பாடம் நடத்தியும் இருந்தவர். பேச்சொலியைச் சுருக்கும் முறைகளில் பின்னாளில் அவர் செய்த வேலையின் வாரிசுகள் இன்று ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கின்றன. ஒலியழிப்பு வித்தை இன்று பல சவுண்ட்பார்களில் 'விர்ச்சுவல் சரவுண்ட்' என்ற பெயரில் இருக்கிறது. ஒரே குறை, தலை நகரக் கூடாது. நடுவில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால் அற்புதம். நான்கு பேர் சோபாவில், இரண்டு பேர் தரையில் சுண்டல் கிண்ணத்தோடு என்றால் ஒன்றும் தேறாது.

இரண்டாவது, சுவரை ஸ்பீக்கராக்குவது. சிறு சிறு ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் துளித்துளித் தாமதம் கொடுத்தால் ஒலியைக் கற்றையாக ஒரு பக்கம் திருப்பலாம். 2000களின் நடுவில் யமஹா இப்படி 40 சிறு ஸ்பீக்கர்களை ஒரே பலகையில் பதித்து விற்றது. கற்றை பக்கச்சுவரில் பட்டுத் தெறித்துச் சோபாவுக்கு வரும். ஒலி சுவரிலிருந்து வருவதாகக் காது நம்பும். நல்ல வித்தை. ஆனால் சுவர் வேண்டுமே? தங்கை வீட்டில் வலப்பக்கம் போன கற்றை சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போய்த் தொலைந்துவிடும். நம் அடுக்குமாடி வீடுகளில் ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகத் திறந்து கிடப்பதுதான் வழக்கம். விளம்பரப் படத்தில் வரும் வீட்டுக்கு மட்டும் நான்கு சுவரும் ஒழுங்காக இருக்கும்.

அட்மாஸுக்கும் இதே கதை. தியேட்டரில் அது உண்மையிலேயே கூரையில் ஸ்பீக்கர் வைத்துச் செய்வது. 2012இல் 'பிரேவ்' படத்தோடு வந்தது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'சிவாஜி 3டி' மூலம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. வீட்டில் சவுண்ட்பாரின் தலையில் மேல்நோக்கி இரண்டு ஸ்பீக்கர் வைத்து, சீலிங்கில் அடித்துத் தெறிக்க விடுகிறார்கள். ஒலி மேலிருந்து வருகிறதென்று நாம் அறிவது காதுமடலின் மடிப்புகளால். வரும் கோணத்தைப் பொறுத்து அவை மேல்சுருதியில் சில இடங்களைத் தின்றுவிடும், மூளை அந்தக் குறைகளைப் படித்து உயரத்தைச் சொல்லும். 1998இல் நெதர்லாந்தில் சிலரின் காதுமடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். மேல், கீழ் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. சில வாரங்களில் மூளை புதுக் காதைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே வேலை செய்தது. பழையதை மறக்காமலே புதியதைப் படித்திருக்கிறது!

தெறிக்கும் அட்மாஸுக்குச் சமதளமான, கடினமான, ரொம்ப உயரமில்லாத சீலிங் வேண்டும். 10 அடி நல்ல உயரம்தான். ஆனால் கண்ணாடியில் விழும் ஒளி போலவே ஒலியும். சவுண்ட்பாருக்கும் சோபாவுக்கும் நடுப்பாதியில்தான் பட்டுத் திரும்பும். அங்கே என்ன இருக்கிறது? ஃபேன். சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு அட்மாஸ் கேட்கும் வீடு எதுவும் எனக்குத் தெரியாது. 5.1.2இல் கடைசி 2க்குக் கொடுக்கும் காசு இந்த ஹாலில் ஃபேனுக்குத்தான் போகும் என்றேன். மாப்பிள்ளை மேலே பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையான சரவுண்ட் வேண்டுமென்றால் உண்மையாகவே பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தனித்தனி ஸ்பீக்கர்களும் அவற்றை இயக்கும் ரிசீவரும் வாங்கினால் இருபது வருஷம் உழைக்கும், ஒன்று போனால் ஒன்றை மாற்றலாம், ஒலியும் பல படி மேலே. ஆனால் வயர் இழுக்க வேண்டும். புது வீடு கட்டுபவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே சோபா பின்பக்கம் வரை ஒரு பைப் புதைத்துவிடுங்கள், செலவு சொற்பம். கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள் வயர்லெஸ் பின் ஸ்பீக்கரோடு வரும் சவுண்ட்பாரைப் பார்க்கலாம். வயர்லெஸ் என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம்: ஒலிக்குத்தான் வயரில்லை, பெரும்பாலானவற்றுக்கு மின்சாரத்துக்கு ஆளுக்கொரு பிளக் பாயிண்ட் வேண்டும்.

இனி ஹால். எனக்கு இதுதான் பெரிய விஷயம்; கடையில் ஒருவரும் சொல்லாததும் இதுதான். நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினேன். 'டங்ங்ங்' என்று எதிரொலித்தது. இந்த எதிரொலிக்கும் ஒரு கதை உண்டு.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொல் தாண்டியிருப்பார். சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு ஆர்கன் குழல், நேரம் குறிக்கும் கடிகாரம், தன் காது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் குழலை ஊதி, ஒலி அடங்க எத்தனை நொடி என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நாட்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில் செய்தார். கடைசியில் கிடைத்த சூத்திரம் ஒரு வரி: அறையின் கன அளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம். உறிஞ்சும் பரப்பை அவர் திறந்த ஜன்னலை வைத்து எண்ணினார். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாதல்லவா?

தங்கை வீட்டு அளவில், நாற்புறமும் அடைத்த காலி ஹாலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன அளவு சுமார் 48 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 80 சதுரமீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்கும். ஆக, இரண்டரை சதுரமீட்டர் ஜன்னலுக்குச் சமம். வகுத்தால் மூன்று நொடி. 'பாட்டு' அடங்குவதற்குள் 'பாக்கு' வந்துவிடும். இதே ஹாலில் துணி சோபா, கனத்த திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி, நாலு மனுஷர்கள் என்று பத்துச் சதுரமீட்டருக்கு உறிஞ்சும் பொருள் சேர்ந்தால் நொடியில் பத்தில் ஆறு பங்குக்கு இறங்கிவிடும். ஸ்பீக்கர் மாறவில்லை, ஒரு வாட்டும் கூடவில்லை. தங்கை வீட்டில் சோபா ரெக்சின், ஜன்னலில் மெல்லிய வலைத்துணி. சவுண்ட்பாருக்கு முன்னால் திரைச்சீலை வாங்கு என்று சொன்னேன். "சவுண்ட்பார் கேட்டா ஸ்கிரீன் வாங்கச் சொல்றியேண்ணே," என்றாள்.

அடித்தொனிக்கு இந்த வைத்தியம் செல்லாது. 40 ஹெர்ட்ஸ் அலை எட்டு மீட்டருக்கும் மேலே. திரைச்சீலை அதற்குக் காற்று மாதிரி. அது ஹாலின் 14 அடி நீளத்தில் போய் மோதித் திரும்பி, தன்மீதே விழுந்து நின்றுவிடும். சுவரோரம் குமுறும், நடு ஹாலில் ஒன்றுமே கேட்காது. சோபா சுவரை ஒட்டியிருந்தால் குமுறலின் மடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒன்றரை அடி முன்னால் இழுத்தால் ஓரளவு தெளியும்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, மானம் போகும் என்பதைத் தவிர. ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் இடையில் ஒலி போகும் வழி மாறாது. ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிய உண்மை. ஆகவே சப்வூஃபரைச் சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார வையுங்கள். அடித்தொனி நிரம்பிய பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே காது கொடுங்கள். எங்கே குமுறாமல், மெலியாமல், சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்வூஃபரின் இடம். சப்வூஃபர் வாங்கி வந்த பிறகு இதை நான் செய்துகொண்டிருந்தபோது பூஜை முடித்து வந்த அம்மா, "என்னத்தடா தொலைச்ச?" என்று கேட்டுவிட்டு, தானும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

ஒரு எச்சரிக்கை. சின்னச் சவுண்ட்பார்கள் 150, 200 ஹெர்ட்ஸ் வரை சப்வூஃபரிடம் தள்ளிவிடுகின்றன. 80க்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது; 150இல் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதை டிவிக்கு இரண்டடிக்குள் வையுங்கள், இல்லையென்றால் வில்லனின் குரல் பாதி மூலையிலிருந்து வரும். கீழ்வீட்டுக்காரர்கள் இருந்தால் அடியில் ரப்பர் மேட் போடுங்கள். ரப்பர், தரை அதிர்வை ஓரளவு தடுக்கும், காற்றில் போவதைத் தடுக்காது. இரவு பத்து மணிக்கு மேல், திடீர்ச் சத்தங்களை அடக்கும் நைட் மோடைப் போட்டுவிடுங்கள்.

இணைப்பு விஷயத்தில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் மேல் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று எழுதியிருக்கும். அதில்தான் செருக வேண்டும். ஏஆர்சி 2009இல் வந்தது, இ-ஏஆர்சி 2017இல். ஓடிடியில் வரும் அட்மாஸ் சுருக்கிய வடிவம் என்பதால், டிவி அதை அப்படியே அனுப்பினால் சாதா ஏஆர்சியே போதும். புளூரே தட்டின் அட்மாஸை டிவி வழியே அனுப்புபவர்களுக்கு இ-ஏஆர்சி வேண்டும். ஆப்டிகல் கேபிளில் 5.1 வரை வரும், அட்மாஸ் வராது. புளூடூத்தில் டிவியோடு இணைக்கவே இணைக்காதீர்கள். ஒலி தாமதமாகி உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். படத்துக்குப் பின்னால் 125 மில்லி நொடி வரை வரும் ஒலியை மூளை பெரும்பாலும் கண்டுகொள்ளாது, முன்னால் 45 மில்லி நொடி வந்தாலே கண்டுபிடித்துவிடும். மின்னலுக்குப் பின்னால்தானே இடி வந்து பழக்கம். டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். பல டிவிகளில் இதை மாற்றாவிட்டால் அந்த 5.1 இரண்டாகத்தான் வெளியே வரும்.

மாப்பிள்ளையும் நானும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். இருட்டறையில், மெத்தை வைத்த சுவர்களுக்கு நடுவே, ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கும் படத்துண்டு ஒன்றை ஓட்டினார்கள். எந்த ஸ்பீக்கரிலும் ஹெலிகாப்டர் நன்றாகத்தான் இருக்கும். யாருக்கும் அதில் மெய்யெழுத்து தேவையில்லை. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலே அது உசத்தியாகத் தோன்றும். விற்பவர்களுக்கு இது அத்துப்படி. பெட்டியை மாற்றும்போதெல்லாம் சத்தத்தைச் சமமாக்கச் சொன்னேன். விற்பனைப் பையனுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கடைசியில் எடுத்தது தனிச் சப்வூஃபரோடு 3.1. மாப்பிள்ளை முதலில் காட்டியதில் பாதி விலைதான். மீந்ததில் திரைச்சீலை, ஒரு கம்பளம். சோபா ஒன்றரை அடி முன்னால் வந்தது. பின்னால் கிடைத்த இடத்தில் அயர்ன் டேபிள் போயிற்று. மாப்பிள்ளைக்கு ஹெலிகாப்டர் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. அம்மா ரிமோட்டைத் தொடுவது குறைந்துவிட்டது.

நீங்கள் வாங்கப் போகும்போது உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள். அவர் பார்த்திராத தமிழ்ப் படத்தில், மழை பெய்கிற காட்சியில், இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிற இடத்தைக் கைபேசியில் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் பாதிக்குக் கீழே இருக்கட்டும். அவர் உங்கள் பக்கம் திரும்பி "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டால், பெட்டியில் எத்தனை வாட்ஸ் போட்டிருந்தாலும் அது வேண்டாம். அடுத்ததைப் போடச் சொல்லுங்கள்.